ஆயரின் பட்டியலில் இல்லாத நிவேஸ்

அன்பும் மரியாதையும் நிறைந்த ஒப்துலியா அக்காவுக்கு,

உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் நலம். இந்தத் தீவில் காற்றுதான் ஓய்வதில்லை.

இங்கே சின்னதாக ஒரு சச்சரவு. எங்கள் பள்ளிகளில் மறைக்கல்வி ஆசிரியர்களுக்குச் சம்பளம் தருவது ஸ்பெயின் அரசு; யார் கற்பிக்கலாம் என்று ஆண்டுதோறும் பட்டியல் அனுப்புவது கத்தோலிக்கத் திருச்சபையின் ஆயர். வத்திக்கானோடு செய்த ஒப்பந்தம் அப்படி. இந்த ஆண்டு என் சக ஆசிரியை நிவேஸின் பெயரை நீக்கிவிட்டார்கள். விவாகரத்தானவரை மணந்தது குற்றமாம்! பதினேழு ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்தவள் வழக்குப் போட்டிருக்கிறாள்.

ஆயரின் செயலாளர் என்னிடம் வந்தார்.

“எலாதியா டீச்சர், அவ பாடமே நடத்துறதில்லன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. உங்க பேரும் பட்டியல்லதானே இருக்கு?”

“ஃபாதர், பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு கன்னியர் மடத்துல எனக்கு அடிச்சுச் சொல்லிக்கொடுத்தாங்க. உங்க குருமடத்துல அன்னைக்கு மட்டும் லீவா?” என்றேன்.

அடுத்த மாதம் நிவேஸுக்காகச் சாட்சி சொல்கிறேன். என் கறுப்புக் கோட்டை அனுப்புங்கள். பாதாம் கேக்கும் வையுங்கள். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு தனியாகச் சாப்பிட எதுவும் இறங்குவதில்லை.

என் பெயரையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அப்பாவின் அறையை ஒழித்து வையுங்கள். ஊருக்கு வந்தால் மாதா கோவில் வாசல் வழியாக, தலைநிமிர்ந்தே வருவேன். தபால் நிலையம் மூடும் நேரமாகிவிட்டது, முடிக்கிறேன்.

உங்கள் தங்கை
எலாதியா