வழித்துத் தின்ற தட்டு

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் மூன்று கூடங்களில் ருசி பார்த்தேன். மூன்றுக்கும் 'சமம்' என்று எழுதினேன். உப்பு இருந்தது, இருந்த மாதிரியே தெரியவில்லை. ஒருவர் வீட்டுச் சாப்பாடு இன்னொருவர் வீட்டுச் சாப்பாட்டைவிட நன்றாக இருந்துவிடக் கூடாது என்று வீட்டு அடுப்புகளுக்கெல்லாம் சீல் வைத்தார்களே, அன்றிலிருந்து ஊரே பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில்தான் சாப்பிடுகிறது. சமையல்காரர்கள் அளந்து போடுகிறார்களா, எவராவது கைவரிசையைக் காட்டுகிறாரா என்று பார்ப்பது என் வேலை. நல்ல நாக்கு என்று தேர்ந்தெடுத்தார்கள். நல்ல நாக்கை வைத்துக்கொண்டு நல்ல சமையலைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். என்ன பிழைப்போ!

மேலாளருக்கு நான் வைத்திருக்கும் பெயர் தராசு. நடக்கும்போதுகூட இரண்டு கையும் ஒரே அளவுதான் ஆடும்.

மார்ச் 4, புதன்

தலைவலி. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 6, வெள்ளி

கெடுத்தேன். எல்லாவற்றையும் நானே கெடுத்தேன்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் புதுக் கூடம். பருப்பு வந்தது. ஒரு வாய் வைத்தேன். வெங்காயம் ஓரம் கறுக்கிற நேரம் பார்த்து, ஒரு கை தண்ணீர் தெளித்து, அந்தக் கறுப்பைப் பருப்பிலேயே கரைத்துவிட்ட ருசி. அப்படிச் செய்கிறவள் ஒருத்திதான். என் அக்கா.

அம்மா படுத்த படுக்கையான வருஷம் அவள்தான் சமைத்தாள். அடுப்பு எட்டாமல் பலகை போட்டு நிற்பாள். நான் கீழே உட்கார்ந்து தட்டைத் தட்டிக்கொண்டே இருப்பேன். "இருடி, பறக்காவெட்டி!" என்பாள். ஜன்னல் கம்பியில் துணி காயும். ரேடியோ கரகரக்கும். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் அவருக்கு ஒரு பங்கு எடுத்து மூடி வைப்பாள். பிறகு சட்டம் வந்தது. உறவுக்காரர்கள் பக்கத்தில் இருந்தால் சலுகை வளருமாம். ஆளுக்கு ஒரு பக்கம் பிரித்துப் போட்டார்கள். அவள் உயிரோடு இருக்கிறாளா என்றே எனக்குத் தெரியாமல் இருந்தது.

நிமிர்ந்து பார்க்கிறேன், தட்டு காலி. விரலால் வழித்திருக்கிறேன்! ருசி பார்ப்பவர்கள் இரண்டு வாயோடு நிறுத்த வேண்டும், மிச்சம் தட்டில் இருக்க வேண்டும். வெறும் தட்டை வைத்துக்கொண்டு 'சமம்' என்று எழுதினால் எவன் நம்புவான்?

தராசு தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னம்மா, நீங்க எழுதினது ஒண்ணு, தட்டு சொல்றது ஒண்ணா இருக்கே?"

"காலையில சாப்பிடல சார். பசி."

"சரி, வர்ற வெள்ளிக்கிழமை மூணு பேரா பார்த்துடலாம்."

மூன்று பேரும் 'மிகை', அதாவது அளவுக்கு மேல் ருசி, என்று எழுதினால் சமையல்காரியைக் கடல் தாண்டிச் சலவைக் கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். போனவர்கள் யாரும் திரும்பியதில்லை. பாவி, ஒரு தட்டுப் பருப்புக்கு அக்காவைக் காட்டிக் கொடுத்துட்டேனே!

மார்ச் 9, திங்கள்

வேலை முடிந்து சமையல்காரர்கள் பேருந்துக்கு நிற்கும் இடத்தில் போய் நின்றேன். அவளேதான். தலை நரைத்துவிட்டது. பக்கத்தில் வந்து, வேறு எங்கோ பார்த்தபடி, "ரொம்ப இளைச்சுட்டியேடி" என்றாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கிறாள்!

"வழிச்சா தின்ன? உப்பு சரியா இருந்துச்சா?"

"விளையாடாதக்கா. வெள்ளிக்கிழமை அவங்க சொல்ற அளவுலயே போடு. தண்ணி தெளிக்காத."

"நானா தெளிக்கிறேன்? கை தானா போகுது. சாப்பிடுறவங்க முகத்தைப் பார்த்தா நீயே சொல்லமாட்ட, நிறுத்துன்னு."

"உன்னை அனுப்பிட்டா எனக்கு யாரு இருக்கா? சொல்லு, யாரு இருக்கா?" கத்தியேவிட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பேருந்து வந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். பிடிவாதக்காரி, அன்றும் இப்படித்தான்.

மார்ச் 12, வியாழன்

நாளைக்குத்தான் வெள்ளிக்கிழமை. அளந்து போடுவாளா? போடமாட்டாளா?

மார்ச் 13, வெள்ளி

மூன்று பேர் உட்கார்ந்தோம். பருப்பு வந்தது. வாயில் வைத்தேன்.

வெந்த பருப்பு. உப்பு. தண்ணீர்.

மூன்று பேரும் 'சமம்' எழுதினோம். "பசிதான் போல" என்றார் தராசு, முகத்தில் ஏமாற்றம். அப்பாடா என்றிருந்தது. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எதுக்கு அழுவுற, பைத்தியமே? அக்கா பிழைச்சுட்டா இல்ல?

ஜூன் 21, ஞாயிறு

அக்கா வந்திருந்தாள்! அவள் சமைக்கும் கூடத்தை மாதிரிக் கூடமாக அறிவித்திருக்கிறார்கள். மற்ற சமையல்காரர்களுக்கு அவள்தான் இனி அளவு சொல்லிக் கொடுக்கப் போகிறாள். அதற்குச் சன்மானமாக மாதம் ஒரு ஞாயிறு தங்கையைப் பார்க்க அனுமதி. புதுச் சீருடையில் விறைப்பாக நின்றாள். "பெரிய மனுஷி!" என்று கிண்டல் செய்தேன்.

சாயங்காலம் வரை பழைய கதைதான். ஜன்னலோரம் யார் படுப்பது என்று போட்ட சண்டை, அப்பா சுதி இல்லாமல் பாடியது, அம்மா படுத்துக்கொண்டே எங்களை அதட்டியது. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பிறகு பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். பருப்பு. கூடத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பழையபடி தண்ணீர் தெளித்து எனக்காகவே செய்ததாம். மாட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்தே செய்திருக்கிறாள்.

வாயில் வைத்தேன். கண்ணை மூடித் தேடினேன். இல்லை. கூடத்துப் பருப்புதான்.

"அதே மாதிரி இருக்காடி?" என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதே மாதிரிதான்க்கா."

"அப்பாடா" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "அளந்து அளந்து கை மறந்துடுச்சோன்னு பயந்தே போயிட்டேன்."

தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.