நாலாம் மேடைத் தூணில் ஒரு வாக்கியம்

பிப்ரவரி 3

என் நேரக் காப்பாளர் அவர்களுக்கு,

போனில் சொல்லலாம் என்றால் பாதியிலேயே ‘வண்டி வந்துடுச்சு, வை’ என்கிறீர்கள். அதனால் போஸ்டரோடு சேர்த்துக் கடிதத்தையும் சுருட்டி அனுப்புகிறேன். இதை உங்கள் பேருந்து நிலையத்தில் வைக்க வேண்டும்.

இதுதான் என் வடிவமைப்புப் படிப்பின் கடைசி ப்ராஜெக்ட். படம் கிடையாது, எழுத்து மட்டும்தான். “யாரோ ஒருவர் உங்களுக்காக மணி பார்த்துக்கொண்டிருக்கிறார்.” ‘உங்களுக்காக’ மட்டும் பெரிது, மற்ற சொற்கள் அதன் தோளில் சாய்ந்திருக்கும். விடுதி வராந்தாவில் விரித்துப் போட்டு, நாற்காலி மேல் ஏறி நின்று படித்துப் பார்த்தேன். கூடப் படிக்கும் பிள்ளைகள், “அக்கா, விழுந்தீங்கன்னா எங்களால தூக்க முடியாது” என்றார்கள்.

முதல் போஸ்டரை ஆசிரியர், “அழகா இருக்கும்மா. ஆனா யாருக்கு எழுதினீங்க?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இதிலும் தோற்றால் பட்டயம் இல்லை. வேலையை விட்டுவிட்டு நாற்பத்து நாலு வயதில் படிக்க வந்ததற்கு அர்த்தமும் இல்லை.

மகள் சாப்பிடுகிறாளா?

உங்கள் மாணவி


பிப்ரவரி 8

எங்கள் வீட்டு மாணவிக்கு,

போஸ்டர் மடிப்பில்லாமல் வந்தது. அன்றைக்கே கண்ணாடி போட்டு, சட்டம் அடித்து, என் அறையில் மேசைக்கு நேர் எதிரே மாட்டிவிட்டேன். தூசிகூடப் படாது. கண்டக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, “என்ன சார், அண்ணி பெரிய ஆளாயிட்டாங்க போல!” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மகள் சமைக்கவே ஆரம்பித்துவிட்டாள். உப்புப் போடக் கற்றுக்கொண்டாள். எப்போது நிறுத்துவது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

உன் நேரக் காப்பாளர்


பிப்ரவரி 12

அன்புள்ள உங்களுக்கு,

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உங்கள் அறைக்குள் யார் வருகிறார்கள்? நீங்கள், இரண்டு கண்டக்டர்கள், ஒரு பூனை. அது பொது இடமா?

விதியை முன்பே எழுதாதது என் தப்பு. போஸ்டர் இரண்டு வாரம் திறந்த இடத்தில் இருக்க வேண்டும். ஒட்டிய பிறகு நானோ என்னைச் சேர்ந்தவர்களோ அதைத் தொடக் கூடாது. அது என்ன கதிக்கு ஆளாகிறதோ, அதன் புகைப்படங்களுக்குத்தான் மதிப்பெண். மார்ச் நாலாம் தேதி தேர்வு. இந்தக் கடிதம் கிடைத்த கையோடு வெளியே எடுத்தால்தான் உண்டு.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அறைக்குள் மாட்டியதற்குக் காரணம், வெளியே கிழித்துவிடுவார்கள் என்ற பயம் மட்டும்தானா?

மாணவி


பிப்ரவரி 28

என் மாணவிக்கு,

அது மட்டுமில்லை. போன வருடம் பள்ளிப் பிள்ளைகள் இங்கே ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். நம் ஆட்கள் அதைப் படித்துப் படித்துக் கிண்டலடித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். உன் எழுத்துக்கும் அப்படி நடந்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது.

உன் கடிதம் வந்த அன்றே சட்டத்தைக் கழற்றி, நாலாம் மேடைத் தூணில் ஒட்டினேன். ஒரு பக்கம் லாட்ஜ் விளம்பரம், மறுபக்கம் குழாய் ரிப்பேர். இரண்டு நாள் யாரும் ஏறிட்டும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் டிரைவர் ஒருவர், “எனக்காக மணி பார்க்கிறது யாரு சார், என் வீட்டுக்காரியா? அவ நான் எப்ப கிளம்புவேன்னுதான் பார்ப்பா!” என்றார். மேடையே சிரித்தது. நான் பயந்த மாதிரி வலிக்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை, அதன் கீழே நீல மையில், பொடி எழுத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: “எனக்கு யாரும் இல்லை.”

நான் அதைத் தாண்டி நாலு முறை போனேன், வந்தேன். விதி தெரியும். உன் படிப்பு அதில் தொங்குகிறது என்பதும் தெரியும். மத்தியானம், தாமத வண்டிகளைக் குறிக்கிற சிவப்புப் பேனாவால் அதற்குக் கீழே எழுதிவிட்டேன்: “நான் இருக்கிறேன். நேரக் காப்பாளர், இரண்டாம் ஜன்னல்.”

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் ஜன்னலுக்கு வந்தார். உன் வயது இருக்கும். “மணி என்ன சார்?” என்றார். அவர் தலைக்கு மேலேயே அண்டா மூடி அளவுக்குக் கடிகாரம். “நாலே கால்மா” என்றேன். “சரி” என்று போனார். மறுநாளும் வந்தார்.

என் எழுத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் புகைப்படம் எடுத்துப் பார்த்தேன். படத்தில் விரல்தான் விழுந்தது. மறைக்காமல் எடுத்ததையே அனுப்புகிறேன். மதிப்பெண் போனால் என்னைத் திட்டு.

உன் நேரக் காப்பாளர்


மார்ச் 4

என் அன்பானவருக்கு,

ஆசிரியர் புகைப்படத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். “இந்தச் சிவப்பு மை யாரும்மா?” என்றார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

“என் வீட்டுக்காரர் சார்.”

“விதி அவருக்குத் தெரியாதா?”

“தெரியும் சார். தெரிஞ்சேதான் எழுதினார்.”

“பத்து மார்க் குறைக்கணுமே.”

“குறைங்க சார்.”

ஜன்னலுக்கு வந்து மணி கேட்ட பெண்ணைப் பற்றியும் சொன்னேன். பிள்ளைகள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். குறைத்தே விட்டார். அதற்குள் படம் பக்கத்திலிருந்த அம்மையாரின் கைக்குப் போயிருந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அவர். காலையிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அந்தப் பொண்ணு மறுபடியும் வந்துச்சா?”

தேறிவிட்டேன். இரண்டாம் வகுப்பு. அந்தப் பத்து இருந்திருந்தால் முதல் வகுப்பு. திட்டலாம் என்று உட்கார்ந்தேன். இவ்வளவு எழுதிய பிறகும் திட்டு வரவில்லை.

இரண்டு வாரம் முடிந்துவிட்டது, போஸ்டரை எடுத்துவிடலாம் என்கிறது கல்லூரி. எடுக்காதீர்கள். சனிக்கிழமை நான் வந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு விடுமுறை. அன்றைக்கு அந்த ஜன்னல் மூடியிருக்கும், இல்லையா? சாயங்காலம் நாலு மணிக்கு நாம் இரண்டு பேரும் அங்கே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவோம்.

உங்கள் மாணவி