பெயர் போடாத பதினோரு இதழ்கள்

பெப். 3, திங்கள்

மழை, காற்று. முழங்கால் வலி. வாங்க: பால், கறுப்புப் பாண், தைலம்.

இங்கே டென்மார்க்கிலேயே, கோல்டிங்கிலிருந்து ஒரு பெண் போன். நிலா. தாய் மன்னாரில் காணாமல் போனபோது இவளுக்கு இரண்டு வயது. மாமிதான் வளர்த்தாளாம்.

"அம்மான்ர கவிதையள் உங்கட பத்திரிகையில வந்ததெண்டு மாமி சொன்னவ, அங்கிள். எது எண்டு காட்டுவியளோ?"

புதன் வரச் சொன்னேன். தாயின் பெயரைக் கேட்டதும் பச்சை மை, சாய்ந்த எழுத்து எல்லாம் ஞாபகம் வந்தது. என்ன எழுதினாள் என்பதுதான் வரவில்லை.

பெப். 4, செவ்வாய்

கீழறையிலிருந்து, அந்தக் காலத்தில் நான் நடத்திய பத்திரிகைப் பெட்டியை ஏற்றியதில் இடுப்பும் போச்சு. பதினோரு இதழ். ஒன்றிலும் எழுதியவர் பெயர் இல்லை. 'எழுத்துக்கு உடைமையாளன் கிடையாது' என்று முதல் இதழில் முழங்கியிருக்கிறேன். என்ன திமிர்! பாதி கொள்கை, பாதி, ஊரில் எழுதியவர்களைத் தேடி யாரும் போய்விடுவார்களோ என்ற பயம். தட்டச்சு முடிந்ததும் கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிடுவேன். அன்றைக்கு அது சரி.

மாலைவரை வாசித்தேன். அவளுடையது எது? தெரியவில்லை. பாழாய்ப்போன மூளை.

பெப். 5, புதன்

பனி. நிலா கேக்கோடு வந்தாள். மேசையில் எல்லாவற்றையும் பரப்பினேன். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள், பாவம்.

"இதுவோ அங்கிள்? இதுவோ?"

தெரியாது பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஏழாம் இதழில் அவள் விரல் நின்றுவிட்டது. தலைவாரவிடாமல் ஓடும் மகளைப் பிடித்து மடியில் இருத்தி ஒரு தாய் கதைக்கும் கவிதை.

"இது அம்மாதானே?"

அந்த முகத்தைப் பார்த்து வேறென்ன சொல்ல? "ஓம்" என்றேன்.

அழுதாள். நானும் அழுதேன். அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்துக்கொண்டு போனாள்.

அது நான் எழுதியது. கலியாணமே கட்டாத நான், பெண் குரலில் எழுத வருமா என்று பார்த்த பரிசோதனை.

பெப். 6

வெளியே போகவில்லை. சோறு இறங்கவில்லை. கயவன் நான்.

பெப். 7, வெள்ளி

உண்மையைச் சொல்லத்தான் போன் எடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"மாமி அதை டெனிசில மாத்தித் தந்தவ, அங்கிள். அம்மா என்னை விட்டிட்டுப் போனவ எண்டு இவ்வளவு காலமும் கோவத்தில இருந்தனான். என்னை நினைச்செல்லோ எழுதியிருக்கிறா."

மேசையில் கிடந்த ஏழாம் இதழை மூடி வைத்தேன்.

"என்ன அங்கிள், ஏதோ சொல்ல வந்தியள்?"

"ஒண்டுமில்லை பிள்ளை. சாப்பிட்டியோ?"

அவள் அம்மா உண்மையில் எழுதியது இந்தப் பதினொன்றில் எங்கேயோதான் கிடக்கிறது. இனி அதை ஒருத்தரும் தேட மாட்டார்கள்.