கறி இல்லாத உன் கைமா சாண்ட்விச்

என் கஸ்தூரிக்கு,

அங்கே நாஷ்டாவுக்கு என்ன கொடுக்கிறார்கள்? முதலில் இதைத்தான் கேட்கத் தோன்றுகிறது. உன் நாக்கு அப்படி.

இந்த வருஷத் தெவசத்துக்கு உன் படத்தின் முன்னால் வைத்த கைமா சாண்ட்விச்சைப் பற்றி எழுதுகிறேன். சரக்கில் மாற்றம் இருந்தால் வாங்குகிறவரிடம் சொல்லிவிடுவது என் வழக்கம். கும்மிடிப்பூண்டிக் கம்பெனிகளின் பழைய டிரம்களை வாங்கி விற்கிற என் கடை இன்னும் நிற்பது அதனால்தான்.

அந்தக் கடைக்கு முதல் போட்டதே உன் சாண்ட்விச்தானே. ஷிப்டு விட்டு ரயிலுக்கு ஓடுகிறவனுக்குக் கையில் பிடித்துத் தின்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று யோசித்தவள் நீ. தொழிற்பேட்டை வாசலில் நம் தள்ளுவண்டி. கைமாவை முட்டை அடையோடு ரொட்டிக்குள் வைத்து, வெண்ணெய் தடவிய தோசைக்கல்லில் போட்டு, மேலே தராசுப் படிக்கல்லை ஏற்றி அழுத்துவாய். ஓரம் கறுத்து மொறுமொறுவென்று வரும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் ரேவதி கறியை விட்டுவிட்டாள். முட்டை, பால், நெய்கூடக் கிடையாது. காக்களூர் வேலைக்குப் போகிற வழியில் அவள் பஸ் நெரிசலில் நின்றிருக்கிறது. பக்கத்தில் அடிமாட்டு லாரி. அவள் ஜன்னலுக்கு நேராக ஒரு மாட்டின் கண். அவ்வளவுதான் சொன்னாள். நான் மேலே கேட்கவில்லை.

இதற்கு வீகன் என்று பேராம். நீ போனதிலிருந்து நம் வீட்டில் இருக்கும் என் அக்கா சரோஜா கேட்டாள், "இன்னா நோவுடி அது? டாக்டராண்ட காட்னியா?"

"நோவு இல்ல அத்த. நல்லாத்தான் கீறேன்."

ஆனால் கறி வாசனை ஆகவில்லை என்று தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போகத் தொடங்கினாள். சாப்பாட்டு மேசையில் உன் நாற்காலி காலி, அவள் நாற்காலியும் காலி. நான் யாரைப் பார்த்துச் சாப்பிட?

தெவசம் நெருங்கியதும் பேஜாராகிவிட்டது. "கைமா வெக்காம இன்னா படையல்டா? அவ ஆசப்பட்டுத் தின்னது அது ஒண்ணுதான்" என்றாள் அக்கா. ரேவதி சத்தமே போடவில்லை. "கறி வெச்சா நான் அன்னிக்கு ஊட்ல இருக்க மாட்டேன் நைனா" என்று மட்டும் சொன்னாள். உன் படையலில் உன் மகள் இல்லாமலா?

இரண்டு பார்ட்டியும் இறங்கி வராவிட்டால் நான் வேறு சாம்பிள் காட்டுவேன். இதிலும் அதையே செய்தேன். மீல்மேக்கரை வேகவைத்து அப்படியே மசாலாவில் போட்டேன். அக்கா ஒரு வாய் வைத்துவிட்டு, "ஊறப்போட்ட துணிய மென்னா மாதிரி கீது" என்றாள். காளானில் செய்தேன். தண்ணீர் விட்டு ரொட்டி கூழாகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீண்டும் மீல்மேக்கரோடு நின்றேன். அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ரேவதிக்குப் பொறுக்கவில்லை. "தள்ளு நைனா. தண்ணிய ஒட்டப் புழிய வாணாமா?"

பிழிந்தாள், மிக்சியில் ஒரு சுற்று சுற்றினாள். நீ கைமாவை அடிப்பிடிக்க விட்டுச் சுரண்டுவாயே, அதை நான் சொன்னேன், அவள் சுரண்டினாள். வாசனை வந்துவிட்டது. ஆனாலும் எதுவோ குறைந்தது. கொழுப்பு! கறியில் அது தானாக இருக்கும், இதில் எங்கே போவது? தேங்காயைப் பொடிப்பொடியாக நறுக்கி, சிவக்க வறுத்துச் சேர்த்தாள். முட்டை அடைக்குப் பதில் கடலைமாவு அடை, வெண்ணெய்க்குப் பதில் கடலெண்ணெய். பேக்கரியில் போய் விசாரித்தேன். "பன்னுலதாண்ணே பால் பவுடரு, இந்த ரொட்டில இல்ல" என்றார்கள். அதையே வாங்கிவந்தேன்.

படையல் அன்று அக்கா என் காதோரம், "ஒண்ணும் சொல்லாம வெச்சுடுடா. கஸ்தூரிக்கு இன்னா தெரியப்போவுது" என்றாள்.

எனக்கு மனசு வரவில்லை. உன்னிடமா மாற்றுச் சரக்கைத் தள்ளுவது? இலையை வைத்துவிட்டு உரக்கவே சொன்னேன், "கஸ்தூரி, இது கறி இல்ல. மீல்மேக்கரு. உன் பொண்ணு செஞ்சது."

"போய்ச் சேந்தவளாண்ட ஸ்டாக்கு சொல்லிக்கினு கீறான் பாரு!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ரேவதி சிரித்துவிட்டாள். உன் படத்துக்கு முன்னால் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே சூடம் ஏற்றினாள்.

பிறகு மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். அக்கா ஒன்றை முடித்து இன்னொன்றை எடுத்தாள். மென்றுகொண்டே சொன்னாள், "கஸ்தூரி கை இல்ல. ஆனா அவ கல்லு தெரியுது."

தெரியாமல் என்ன? கடையிலிருந்து உன் படிக்கல்லை எடுத்துவந்து அதில்தான் அழுத்தினோம்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, நான் கறியை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெளியே சாப்பிட்டுவிட்டு வருகிறேன். ரேவதிக்குத் தெரியும். "உன் இஷ்டம் நைனா" என்கிறாள். அவளிடம் கேட்காத ஒன்றை உன்னிடம் கேட்கிறேன். அந்த மாட்டின் கண்ணை அன்றைக்கு நீ பார்த்திருந்தால், நம் தள்ளுவண்டியை என்ன செய்திருப்பாய்?

அடுத்து வாழைக்காயில் உன் மீன் கட்லெட் சாண்ட்விச் செய்யப்போகிறாளாம். முள் எடுக்கிற வேலை மிச்சம் என்கிறாள்.

எதை வைத்தாலும் இன்னதென்று சொல்லித்தான் உன் முன் வைப்பேன். நம் பெண் வந்து உட்காராத இலையை இந்த வீட்டில் போடமாட்டேன். இது என் வாக்கு.

மகளோடு ஒரே மேசையில் சாப்பிடும்
உன் வீட்டுக்காரன்