ஓட்டுக்கு வருகிறவர்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நலம். நீங்களும் நலம் என்பதை உங்கள் கடிதத்தின் உற்சாகமே சொல்லிவிட்டது. குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. கீழ்வீட்டு அக்கா உங்களை விசாரித்தார்.

நீங்கள் ஆவலாகக் கேட்டிருந்த மசோதா இன்று நிறைவேறிவிட்டது. வேலைக்காக வெளியூரில் இருப்பவர்கள் இனி அங்கேயே ஓட்டுப் போடலாம். எந்த ஊரில் என்பதை மாத முடிவுக்குள் எழுதிக் கொடுத்தால் போதும். அவை நடுவில் உட்கார்ந்து சுருக்கெழுத்தில் அத்தனையையும் எடுத்தவள் நான்தான். நியாயமான சட்டம். ரயில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு ஊருக்கு வருகிறவர்களைப் பற்றி அமைச்சர் சொன்னபோது மனம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் தோற்றுப்போகட்டும் என்று வேண்டிக்கொண்டேதான் எழுதினேன். போன வருடம் நீங்கள் வீட்டுக்கு வந்தது இரண்டு முறை. இரண்டும் தேர்தல்.

ஒரு வேடிக்கையும் நடந்தது. எதிர்க்கட்சிப் பெண் உறுப்பினர் எழுந்து, “ஆளு இருக்கிற இடமெல்லாம் அவன் ஊராயிடுமா?” என்று கேட்டார். எதிர்வரிசையிலிருந்து ஒருவர், “உங்க வீட்டுக்காரர் எங்கம்மா இருக்காரு?” என்றார். அந்தப் பெண் உறுப்பினர் உடனே, “அது தெரிஞ்சா நான் ஏன்யா இங்க வந்து கத்தப்போறேன்!” என்றார். அவையே அதிர்ந்தது. சபாநாயகர் இரண்டையும் அவைக்குறிப்பிலிருந்து நீக்கச் சொன்னார். நீக்கினேன். எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“இங்கயே பதிஞ்சுக்கலாம்னு அவங்க சொல்றாங்க” என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் கடிதத்தில் ‘கணக்குப் பிரிவில் ஒருவர்’. பிறகு ‘கணக்குப் பிரிவுப் பெண்’. இப்போது வெறும் ‘அவங்க’. எந்த அவங்க என்று சொல்லவேண்டும் என்றுகூட உங்களுக்குத் தோன்றவில்லை. போன முறை விட்டுப்போன சாம்பல் நிறச் சட்டையில் இரண்டாவது பொத்தான் புதிதாகத் தைத்திருக்கிறது. ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவர் நீங்கள். நான் இரண்டு கோடாகத் தைப்பேன்; இது பெருக்கல் குறி. தையல் நேர்த்தியாகவே இருக்கிறது. அதுதான் பொறுக்கவில்லை.

மேலே உள்ள பத்தியை நீக்கிவிட்டுப் படியுங்கள். சபாநாயகர் உத்தரவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கேயே பதிந்துகொள்ளுங்கள். நீங்கள் வாழும் ஊரின் தண்ணீருக்கும் சாலைக்கும் நீங்கள்தானே கேள்வி கேட்கவேண்டும்? தடுக்க மாட்டேன். ஒன்று மட்டும். இத்தனை நாள் நீங்கள் ஓட்டுக்கு வந்தீர்களா, எனக்காக வந்தீர்களா என்று பிரித்துப் பார்க்க வழியில்லாமல் இருந்தது. இன்று அந்தச் சாக்கைச் சட்டம் எடுத்துவிட்டது. தேர்தல் இல்லாத ஒரு வாரத்தில், சும்மா, ஒருமுறை வாருங்கள்.

சட்டை அலமாரியில் இருக்கிறது. பொத்தானைப் பிரித்து வைத்திருக்கிறேன். நீங்கள் வந்த பிறகு தைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே முகவரியில் இருக்கும்,
உங்களவள்