நான் வாசிக்காமல் விட்ட பக்கம்

என் பிரியமான அக்காவுக்கு,

உனக்கு ஒரு சேதி. நம் ஊர் ஏரியை மூடப்போகிறார்கள். அதுவும் உன் பேரைச் சொல்லி. நான் அந்தப் பக்கம் போவதே இல்லை. எந்த முகத்தோடு போக?

நீ பாடம் எடுத்த கல்லூரியில் லீவு விட்டால் போதும், அஸ்தம்பட்டி வீட்டிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாய். நாலு லாரி டியூபைச் சேர்த்துக் கட்டிய தெப்பத்தை நான் தள்ளுவேன். நீ வாளியைத் தண்ணீரில் கவிழ்த்து, அதற்குள் சேரும் வாயுவை ஊசியில் உறிஞ்சி, கண்ணாடிக் குப்பிகளில் அடைப்பாய். கரையில் நின்று ஊரே சிரித்தது.

"ஏனுங்க டீச்சர், ஏரி உடற காத்தப் புடிச்சு என்னங்க பண்ணப் போறீங்க?" என்று பஞ்சாயத்துத் தலைவரே கேட்டார்.

"பூமி எதனால சுடுதுன்னு பாக்கறனுங்க" என்றாய். உனக்குக் கோபமே வரவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

தெற்கு மூலையில், குச்சிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசி எடுக்கும் சேகோ ஆலையின் கழிவுநீர் விழும். அங்கே ஓயாமல் குமிழி வந்தது. அத்தனையும் மீத்தேன் என்றாய். வடக்கே, கோரை மண்டிய பக்கம், வாளிக்குள் கொஞ்சந்தான் சேர்ந்தது. கால் வைத்தால் முழங்கால் வரை கறுப்புச் சேறு.

"இதுல எத்தன காலத்துக் கரிமம் அடங்கிக் கெடக்குது தெரியுமாடா சாமி? ஏரி காஞ்சா அதெல்லாம் மேல போயிரும்" என்றாய். எனக்கு அன்று பாதிதான் புரிந்தது.

நீ கண்ணை மூடிய எட்டாம் மாதம் கிராமசபை கூடியது. லாரி ஸ்டாண்டுக்கு இடம் வேண்டும், ஏரியை மூடலாமா என்று பேச்சு. நீ அளந்ததை எழுதிவைத்த நோட்டோடு போயிருந்த என்னைத் தலைவர் எழுப்பினார். "டீச்சரு நோட்டுல ஏரியப் பத்தி என்ன எழுதியிருக்குதுன்னு நீங்களே படிங்க தம்பி."

படித்தேன். 'இந்த ஏரியின் தெற்குப் பகுதியிலிருந்து மீத்தேன் மிக அதிகமாக வெளியேறுகிறது. புவியைச் சூடாக்குவதில் இது கரியமில வாயுவைவிடக் கொடியது.'

பக்கத்தைத் திருப்ப விரல் போனது. எதிரே ஆலை முதலாளி உட்கார்ந்திருந்தார். காட்டில் நான் பயிரிட்ட குச்சிக்கிழங்கு முழுவதையும் அன்று காலையில்தான் பிடுங்கிப் போட்டிருந்தேன். பிடுங்கிய கிழங்கு இரண்டு நாளில் கறுத்துவிடும், அவர் ஆலையை விட்டால் பக்கத்தில் எடுக்க ஆளில்லை. நோட்டை மூடிவிட்டேன்.

அடுத்த பக்கத்தில் நீ எழுதியிருந்தது இதுதான்: 'குற்றம் ஏரியுடையது அல்ல, ஆலைக் கழிவினுடையது. கழிவை நிறுத்தினால் ஏரி தேறிவிடும். ஏரியைக் காயவிட்டால் சேற்றில் இருக்கும் கரிமமும் காற்றில் கலக்கும்.'

"பாத்தீங்களா, டீச்சரே சொல்லிப்போட்டாங்க!" என்றார் தலைவர். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். வெளியே வந்ததும் முதலாளி என் தோளைத் தட்டினார். "நல்லாப் படிச்சீங்க தம்பி. கெழங்கக் கொண்டாந்து போடுங்க." கொண்டுபோய்ப் போட்டேன், அக்கா. தூ! நானும் ஒரு தம்பியா?

வரத்து வாய்க்காலை அடைத்துவிட்டார்கள். வடக்கே கோரை காய்ந்து, சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறதாம். நீ பயந்தது நடந்துகொண்டிருக்கிறது. அளக்கத்தான் ஆளில்லை.

ஊர் இப்போது உன்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறது. நேற்று தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஸ்டாண்டுக்கு அக்கா பேரையே வெச்சரலாமுங்க. நல்ல போட்டோவா ஒண்ணு குடுங்க" என்றார். உன் போட்டோவைத் தேடி எடுக்க எழுந்தே போய்விட்டேன். பீரோவைத் திறந்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. "போட்டோ இல்லைங்க" என்று அனுப்பிவைத்தேன். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிறார்கள். போகிறேன். இரண்டு பக்கத்தையும் படிப்பேன். அன்றைக்கு ஏன் ஒன்றோடு நிறுத்தினேன் என்று யாராவது கேட்பார்கள். மறந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். கிழங்குக்காக உன்னை விற்றேன் என்று, முதலாளி எதிரே நின்றாலும், சொல்வேன். இது சத்தியம்.

உன் பேரைக் கெடுத்த,
தம்பி