அப்பா தண்ணீர் கேட்ட நாள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் அவள் வயிற்றில் இருக்கும் சின்ன உயிரும் சுகமாக இருக்க வேண்டும், இப்போதைக்கு நான் வாய்விட்டுக் கேட்டுக்கொள்வது அது ஒன்றுதான். எங்கள் சுகத்தை நீ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் கேட்கிறாய், நானும் அப்பா தேறி வருகிறார், நன்றாகச் சாப்பிடுகிறார், ஒன்றும் கவலைப்படாதே என்று ஒப்பிக்கிறேன். போன் இருக்கும் அறையில்தான் அப்பாவும் படுத்திருக்கிறார், பேசுவதெல்லாம் அவர் காதில் விழும், வேறு என்ன சொல்ல? அதனால்தான் இந்தக் கடிதம். ஆஸ்பத்திரியில் அவரைப் பயிற்சிக்கு உள்ளே அழைத்துப் போயிருக்கிறார்கள், முடிய முக்கால் மணி நேரம் ஆகும். வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து அவருடைய ரிப்போர்ட் ஃபைலை மடியில் வைத்து அதன் மேல் எழுதுகிறேன், கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உடம்புக்கு வந்த அன்று நடந்தது உனக்கும் தெரியும், ஆனாலும் என் மனதில் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அவரோடு பதினொரு வருஷம் ஒரே பஸ்ஸில் ஓடிய கண்டக்டர், நாம் விசில் என்று கூப்பிடுகிறவர், வாரா வாரம் அப்பாவுக்குச் சவரம் செய்துவிட வருகிறார், வரும்போதெல்லாம் அதைச் சொல்லாமல் போவதில்லை. வண்டியில் நாற்பது பேர், திருப்பத்தில் பிரேக்கை மிதிக்கப் போன அப்பா, என்னோட காலு எங்க இருக்குன்னே தெரியலடா என்றாராம், சத்தம்கூடப் போடாமல் கை பிரேக்கை இழுத்து வண்டியை ஓரமாக நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிட்ட பிறகுதான் ஸ்டியரிங்கில் சாய்ந்தாராம். இரண்டே நாளில் அந்த மரத்துப்போனது காலிலிருந்து கழுத்து வரை ஏறிவிட்டது. ஒயர் மேல இருக்கற ரப்பர் உரிஞ்சுபோன மாதிரி, நரம்பு அப்படி ஆகிடுச்சு என்றார் டாக்டர். பத்தொன்பது நாள் மிஷின்தான் மூச்சு விட்டது. லீவு கிடைத்ததும் நீ ஓடி வந்து ஒன்பது நாள் கூடவே இருந்தாய், மிஷினை எடுத்து அவர் உன் பெயரைச் சொன்ன மறுநாள் திரும்பிப் போனாய், நாமும் கண்டம் தாண்டிவிட்டது என்று நினைத்தோம்.

நீ போன பிறகு பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நரம்பு திரும்ப வளரும்மா, ஆனா ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், பொறுமையா இருக்கணும் என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். ஹோட்டலில் இருபத்தாறு வருஷம் துணி அறையில் வேலை பார்த்தவள் நான், திரையும் விரிப்பும் அளக்கிற டேப் கைப்பையில் எப்போதும் கிடக்கும். அவர் தூங்கும்போது இடுப்பிலிருந்து கால் கட்டைவிரல் வரை வைத்து அளந்தேன். தொள்ளாயிரத்து எண்பது. நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் இரண்டு வருஷமும் எட்டு மாதமும் ஆகிறது. டேப்பைச் சுருட்டி உள்ளே போட்டேன், இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. எத்தனை ஆயிரம் கட்டிலுக்கு விரிப்பு போட்டிருப்பேன், ஆள் படுத்திருக்கும்போதே அடியில் இருக்கும் விரிப்பை மாற்ற இப்போதுதான் படித்தேன், ஒரு பக்கம் புரட்டி பாதியைச் சுருட்டி மறுபக்கம் புரட்டி இழுக்க வேண்டும், ஒரு சுருக்கம் இருந்தாலும் முதுகு புண்ணாகிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்ட வேண்டும், ராத்திரியும்தான்.

இங்கே பயிற்சி கொடுக்கிற பெண் நல்லவள், உன்னைவிட இரண்டு வயது சின்னவளாக இருப்பாள். என் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, அம்மா, தினமும் நடந்த நல்லது மூணு எழுதி வைங்க, எவ்வளவு சின்னதா இருந்தாலும் பரவாயில்ல என்றாள். எனக்கு உள்ளூர எரிச்சல்தான், ஆனாலும் நோட்டு வாங்கினேன். முதல் நாள் ஒன்றும் தோன்றாமல், துவைத்தது மழைக்கு முன்னால் காய்ந்தது என்று எழுதினேன். அப்புறம் ஒரு நாள், அவர் தும்மினார் என்று எழுதினேன். சிரிக்காதே, தும்முவதற்கு நெஞ்சும் வயிறும் சேர்ந்து வேலை செய்ய வேண்டுமாம், வீடே அதிர அவர் தும்மியதும் நானும் விசிலும் கைதட்டினோம். இன்னொரு நாள் மணிக்கட்டைத் தூக்கித் தூக்கி, பத்து நிமிஷம் போராடி, தன் மூக்கைத் தானே தேய்த்துக்கொண்டார். நாலு மாசமா நீதான் சொறிஞ்சு விட்டே, இனிமே உனக்கு ஒரு வேல கம்மி என்றார். அன்றைக்கு அந்த ஒன்றையே மூன்று தரம் எழுதினேன். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், அந்த நோட்டில் வெறும் தேதி மட்டும் போட்டிருக்கிற பக்கங்கள்தான் அதிகம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தப் பெண் கையையும் காலையும் சோதித்துப் பார்த்து எழுதினாள், போன மாதம் இருந்த அதே அளவு. அப்பா அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் வாயைத் திறக்கவில்லை. சாப்பாடும் இல்லை, பேச்சும் இல்லை. உடம்பில் வேறு எதுவும் சொன்னபடி கேட்காத மனுஷருக்கு வாய் ஒன்றுதான் சொன்னபடி கேட்டது, அதையும் இறுக்கி மூடிக்கொண்டார். முதல் நாள் கோபம் என்று நினைத்தேன். இரண்டாம் நாள், பேரப்பிள்ளை வரப்போகுது, அது முகத்தைப் பாக்க வேணாமா என்று கெஞ்சினேன், சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விசில் வந்து, அண்ணே, ரெண்டு விசில் குடுத்துட்டேன், வண்டிய எடுங்க என்று வேடிக்கை காட்டிப் பார்த்தார், அதற்கும் கண்ணை மூடிக்கொண்டதும் மாடிப்படியில் போய் நின்று அந்த மனுஷர் அழுதார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி நர்ஸிடம் போன் செய்து கேட்டேன், நாளைக்குள்ள சாப்பிடலன்னா கூட்டிட்டு வந்துருங்க, மறுபடியும் மூக்குல ட்யூப் போடணும் என்றார்.

அன்று காலை பதினொரு மணி இருக்கும். கஞ்சியைக் கரண்டியில் எடுத்து உதட்டில் வைத்தேன், அவர் துப்பிவிட்டார். அப்போதுதான் மாற்றிய விரிப்பு, அன்றைக்கு மூன்றாவது. எனக்குள் என்ன அறுந்ததோ தெரியவில்லை கண்ணா, போறதுன்னா சீக்கிரம் போய்த் தொலைங்க, என்னால முடியல என்று கத்திவிட்டேன். முப்பத்தோரு வருஷத்தில் அவரை ஒரு கடும் வார்த்தை சொன்னதில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், எத்தனையோ சொல்லியிருக்கிறேன், ஆனால் இப்படி ஒன்று என் வாயிலிருந்து வரும் என்று நினைத்ததில்லை. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். மூன்று நாளில் முதல் தடவையாகப் பேசினார். அதுக்குத்தான் பாக்கறேன் என்றார். நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன், கைப்பையை எடுத்தேன், வெளியே வந்து கதவைப் பூட்டினேன். ஏன் பூட்டினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

கீழே நிறுத்தத்துக்கு வந்த முதல் பஸ்ஸில் ஏறினேன். எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியாயிற்று, டிரைவர் திரும்பிப் பார்த்து, கடைசி ஸ்டாப்புமா, எறங்கலியா என்றார். இதே வண்டியில் திரும்பிப் போகிறேன் என்றேன். அவர் டீ குடிக்கப் போய்விட்டார். அந்தக் காலி பஸ்ஸில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை, எதுவும் கேட்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சுகமாக இருந்தது. திரும்பி வரும்போது டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் கால் கிளட்சில் ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தது. கண்டக்டரோடு பேச்சு பேச்சாக இருக்க, கால் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன், நம் நிறுத்தம் வரும்வரை கண்ணை எடுக்கவில்லை.

மாடி ஏறினால் நம் வீட்டு வாசல் படியில் கீழ்வீட்டுத் தச்சர் உட்கார்ந்திருக்கிறார், கையில் ஒரு டம்ளர் தண்ணீர். உனக்கு ஞாபகம் இருக்கும், அவர் ரம்பச் சத்தம் தாங்காமல் அப்பா விளக்குமாற்றால் தரையைத் தட்டுவார், அவர் இன்னும் பலமாக அறுப்பார், ஒன்பது வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சே கிடையாது. மேலே முனகல் கேட்டு ஓடி வந்திருக்கிறார். பூட்டை உடைக்கப் போயிருக்கிறார், அப்பா உள்ளேயிருந்து, ஒடைக்காதீங்க, அவ வந்துருவா என்றாராம். ஒரு மணி நேரத்துக்கு மேல் கதவுக்கு இந்தப் பக்கம் இவரும் அந்தப் பக்கம் அவருமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். என்னைப் பார்த்து அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவரு தண்ணி கேட்டாரும்மா, கொண்டாந்துட்டேன், கதவுக்கு அந்தப் பக்கம் எப்படிக் குடுக்கறது, அதான் கையிலயே புடிச்சுட்டு உக்காந்திருக்கேன் என்றார். எனக்குப் பூட்டில் சாவி நுழையவில்லை, அவர்தான் வாங்கித் திறந்தார்.

உள்ளே விரிப்பு நனைந்து கிடந்தது, அப்பா முகமெல்லாம் கண்ணீர், துடைத்துக்கொள்ள முடியாமல் காதுக்குள் இறங்கியிருந்தது. தச்சர் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார், நான் கரண்டியால் ஊற்றினேன். மெதுவா ஊத்து, பொரையேறிடும் என்றார் அப்பா. அந்த டம்ளர் முழுவதும் குடித்தார். அப்புறம் சொன்னார், நீ பூட்டிட்டுப் போனப்போ, இனிமே வரமாட்டேன்னுதான் நெனச்சேன், நல்லதாப் போச்சுன்னு படுத்திருந்தேன், திடீர்னு தாகம் எடுக்குது, சாகறேன்னு படுத்திருக்கறவனுக்கு எதுக்குத் தாகம்? நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். மொதல்ல விரிப்ப மாத்து, அப்பறம் அழுதுக்கலாம் என்றார். அன்று சாயங்காலம் நாலு கரண்டி கஞ்சி குடித்தார்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். மறுநாள் தச்சர் வந்து கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே அளந்துகொண்டு போய், ஒரு பலகை செய்து கொண்டுவந்தார், அப்பாவை அதன்மேல் சறுக்கவைத்து நாற்காலிக்கு மாற்றிவிடலாம், நான் தூக்க வேண்டியதில்லை. கை வைத்துப் பார், ஒரு சிலாம்புகூடக் குத்தாது, அப்படி இழைத்திருக்கிறார். பயிற்சி நாளில் அவரும் விசிலும் நாற்காலியோடு அப்பாவைக் கீழே இறக்குகிறார்கள். இந்த மனிதர்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? ஆனால் வலது காலில் இன்னும் ஒரு அசைவும் இல்லை, வருமா வராதா என்று டாக்டரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அப்பா சாப்பிடுகிறார், ஒவ்வொரு வேளையும் முதல் வாய் திறக்கும்வரை எனக்கு மூச்சு நிற்கிறது. நின்றுகொண்டே தூங்கிவிடுகிறேன், போன வாரம் அடுப்பை அணைக்க மறந்தேன். அவர் காலைவிட என் காலை நினைத்துத்தான் இப்போது பயமாக இருக்கிறது கண்ணா. ஒரு தரம் வாசல் தாண்டிப் போன கால், இன்னொரு தரம் போனால் திரும்பி வருமா என்று எனக்குத் தெரியவில்லை.

மருமகளுக்கு ஏழாம் மாதம், இந்த நேரத்தில் உன்னைக் கூப்பிடுவது நியாயமா என்று இந்தப் பெஞ்சில் நான்கு பயிற்சி நாட்களாக உட்கார்ந்து யோசித்தேன். பிரசவத்துக்கு நான் அங்கே வந்திருக்க வேண்டியவள், அதுவும் முடியவில்லை. சம்பந்தி அம்மா வந்துவிட்டதாக நீ சொன்ன பிறகுதான் கேட்கத் துணிந்தேன். ஒரு பத்து நாள் வா. அப்பாவுக்காகக் கேட்கவில்லை, அவரைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். எனக்காகக் கேட்கிறேன். நீ பக்கத்தில் இருந்தால் நான் ஒரு ராத்திரி முழுசாகத் தூங்குவேன். உன்னிடம் எனக்கென்று நான் எதுவும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன்.

வந்தால் அவர் கையைப் பிடித்து அழுத்திவிடாதே, நெருப்பாக எரியுமாம், தோளில் கை வை, அங்கே வலிக்காது. எதுக்குடா வந்தே என்று முறைப்பார், பதில் சொல்லாமல் பக்கத்தில் உட்கார். மருமகள் இரும்புச்சத்து மாத்திரையை மறக்காமல் போடட்டும், அவளை நிறைய நேரம் நிற்கவிடாதே. நீங்கள் மூவரும் நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், உன் பிள்ளைக்கு உன் அப்பாவின் தைரியம் வர வேண்டும், என் கோபம் வர வேண்டாம். கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது, அவரை வெளியே கொண்டுவருகிறார்கள், இதை மடித்து வைக்க வேண்டும்.

சீக்கிரம் வா.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அம்மா